அறுபது வயது மனிதரின் சம்மதம்

1873 ஆகஸ்ட் மாத இறுதியில் பாணந்துறையில் இரண்டு நாள் ஒரு சமய விவாதம் நடந்தது. ஒரு பக்கம் வெஸ்லியன் சபையைச் சேர்ந்த டேவிட் டி சில்வா பாதிரியார். மறுபக்கம் கொட்டாஞ்சேனை தீபதுத்தாராமய விகாரையின் மிகெட்டுவத்தே குணானந்த தேரர். கேட்க வந்த சனம் ஆயிரக்கணக்கில். பாதிரியார் எழுப்பிய கேள்விகளில் கூர்மையானது ஆன்மாவைப் பற்றியது. நிலையான ஆன்மா இல்லை என்று பௌத்தம் சொல்கிறதே, அப்படியானால் வினையைச் செய்பவன் ஒருவன், அதன் பயனை அனுபவிப்பவன் வேறொருவன் என்றாகிவிடாதா? பௌத்த மரபிடம் இதற்கு மிகப் பழைய பதில் ஒன்று உண்டு: பின்னால் வருபவன் அவனே என்றும் சொல்ல முடியாது, வேறொருவன் என்றும் சொல்ல முடியாது.

அவர்கள் வாதிட்டது மறுபிறவியைப் பற்றி. அவ்வளவு தூரம் போகாமலே இந்தக் கேள்வியைக் கேட்கலாம். பதினைந்து வயதில் செய்ததன் பயனை அறுபது வயதில் அனுபவிப்பதற்கு இந்த ஒரு பிறவியே போதும். குணானந்த தேரரின் விகாரை இருக்கும் அதே கொட்டாஞ்சேனையில், மாலை நேரத்துப் பாடசாலை மைதானத்தில், இக்கேள்வியைக் கேட்டே ஆகவேண்டிய காலம் வந்துவிட்டது. உதைபந்தாட்டத்தில் பந்தைத் தலையால் முட்டும் பழக்கமும், அது இளம் மூளைக்கு என்ன செய்கிறது என்பதைப் பற்றிக் கடந்த இருபது ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளும் அதற்குக் காரணம்.

கொட்டாஞ்சேனைக்கு உதைபந்து வெறும் பொழுதுபோக்கு அன்று. லா சால் சகோதரர்கள் வளர்த்தெடுத்த புனித பெனடிக்ட் கல்லூரி, பாடசாலை உதைபந்தாட்டத்தில் பல தலைமுறைகளாகப் பேர் சொல்லும் இடம். ரட்ணம், ரினோன் என்ற கழகப் பெயர்களைச் சொன்னால் ஜம்பட்டா வீதியில் இன்றும் ஒரு மணிநேரப் பேச்சு ஓடும். சுகததாச விளையாட்டரங்கு பக்கத்திலேயே. மருதானைப் பக்கம் போனால் ஸாஹிரா, கொழும்பு 12இல் ஹமீத் அல் ஹுசைனி. வசதி குறைந்த வீட்டுப் பையனுக்கு ஒரு பந்தும் ஒரு சோடி பூட்ஸும் திறக்கும் கதவுகள் இந்தப் பகுதியில் மிகச் சில. அந்தக் கதவை மூடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, இந்தக் கட்டுரையும் அதைச் சொல்லவில்லை. கேட்பது மைதானத்தில் நடக்கும் ஒரே ஒரு செயலைப் பற்றி: பயிற்றுவிப்பாளர் ஓரத்திலிருந்து பந்தை உயர்த்தி அடிக்க, வரிசையில் நிற்கும் பெடியன்கள் ஒருவர் பின் ஒருவராக ஓடிவந்து எம்பி நெற்றியால் முட்டுவது.

முழு அளவுப் பந்தின் எடை 410 முதல் 450 கிராம். கோர்ணரிலிருந்தோ கோல் காப்பாளரின் உதையிலிருந்தோ வேகமாக வரும் அந்த எடையை ஒரு தலை தடுத்துத் திருப்பும்போது மண்டையோடு சட்டென நிற்கிறது அல்லது திரும்புகிறது. உள்ளே நீர்மத்தில் மிதக்கும் மூளை அதே கணத்தில் நிற்பதில்லை. அது சற்றுப் பின்தங்கி இழுபடுகிறது, முறுகுகிறது. நேராக வரும் தள்ளலைவிடத் தலை சுழலும்போது ஏற்படும் முறுக்குத்தான் மூளைக்கு அதிகக் கேடு. மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நீண்ட மெல்லிய நரம்பிழைகள் அந்த முறுக்கில் நீட்டப்படுகின்றன. ஒரு முறை முட்டினால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. பையன் மயங்கி விழுவதில்லை, தலைவலிகூட இருக்காது. இந்தப் பிரச்சினை இத்தனை காலம் கண்ணில் படாமல் போனதற்கு அதுவே காரணம். பார்வையாளர் பதறுவது இரண்டு தலைகள் மோதும்போது. ஆய்வாளர்களின் கவனம் இப்போது, யாரும் பதறாத அந்த நூற்றுக்கணக்கான சிறு அடிகள் சேரும் கணக்கின் மேல்.

ஜெஃப் ஆஸ்டில் என்ற பெயரை எழுபதுகளில் வானொலி கேட்ட கொழும்பு ரசிகர் சிலருக்கு நினைவிருக்கலாம். இங்கிலாந்தின் வெஸ்ட் புரொம்விச் அல்பியன் கழகத்தின் முன்கள வீரர். 1968 எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் எவர்ட்டனுக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்தவர். பந்தைத் தலையால் முட்டுவதில் அவர் காலத்தில் அவருக்கு நிகர் சிலரே. 2002 ஜனவரியில், 59 வயதில், மறதிநோயால் இறந்தார். அதே ஆண்டு நடந்த மரண விசாரணையில் அதிகாரி எழுதிய தீர்ப்பு: தொழில்வழி நோய். அதாவது, கல்லுடைப்பவருக்கு நுரையீரல் நோய் வருவதுபோல அவர் செய்த வேலை அவர் மூளையைச் சிதைத்திருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2014இல், நரம்பியல் நோய்க்கூற்று மருத்துவர் வில்லி ஸ்டூவர்ட் அவரது மூளைத் திசுக்களை மீண்டும் ஆராய்ந்தபோது, குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்படும் அதே சிதைவைக் கண்டார். சி.டி.ஈ. என்று சுருக்கி அழைக்கப்படும் அந்த நோயை உயிரோடு இருப்பவரிடம் உறுதிசெய்ய முடியாது, இறந்த பின் மூளையை வெட்டிப் பார்த்தே சொல்ல முடியும். அதே 2014இல் காலமான பெலினியின் மூளையிலும் அது இருந்தது. 1958இல் பிரேசிலுக்கு முதல் உலகக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்த அணியின் தலைவர் அவர், பின்கள வீரர்.

ஆஸ்டிலின் கடைசி ஆண்டுகளைப் பற்றி அவர் மகள் டோன் பலமுறை பொதுவில் பேசியிருக்கிறார். தான் ஒரு உதைபந்தாட்ட வீரர் என்பதே அவருக்கு நினைவில் இல்லாமல் போனது. இந்த ஒரு செய்தியில் ஒரு முழுத் தத்துவச் சிக்கல் அடங்கியிருக்கிறது. புகழுக்காக உடலைப் பணயம் வைத்தார் என்று சொல்லலாம், வைக்கட்டும். புகழை அனுபவிக்க வேண்டியவரிடம் அந்தப் புகழின் நினைவே இல்லாமல் போனால், பணயத்தின் மறுபக்கத்தில் என்னதான் மிஞ்சியது?

தனி மனிதர் கதைகளை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. அதனால் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் குழுவினர் 7,676 முன்னாள் ஸ்கொட்லாந்துத் தொழில்முறை வீரர்களின் மருத்துவப் பதிவுகளை எடுத்து, அதே வயதும் அதே வாழ்நிலையும் கொண்ட 23,028 பேரோடு ஒப்பிட்டனர். 2019இல் வெளிவந்த முடிவு உலகெங்கும் செய்தியானது. நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு வீரர்களிடம் ஏறத்தாழ மூன்றரை மடங்கு. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே குழு, ஆடிய நிலையின்படி பிரித்துப் பார்த்தது. பின்கள வீரர்களிடம் ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு, கோல் காப்பாளர்களிடம் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. சுவீடனில் 6,007 உயர்மட்ட வீரர்களை வைத்து 2023இல் வெளிவந்த ஆய்வில் ஆபத்து ஒன்றரை மடங்கு என்று குறைவாகவே வந்தது. ஆனால் அங்கும் கோல் காப்பாளர்கள் தப்பியிருந்தார்கள். ஒரே உணவு, ஒரே கழக வாழ்க்கை. கையால் பந்தைத் தொட அனுமதி பெற்றவர் மட்டும் தப்புகிறார் என்றால், விரல் எங்கே நீள்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதே கிளாஸ்கோ ஆய்வு இன்னொன்றையும் சொன்னது, அதை மறைப்பது நேர்மையாகாது. அந்த வீரர்கள் இதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் இறந்தது மற்றவர்களைவிடக் குறைவு. எழுபது வயது வரை மொத்த மரணமும் அவர்களிடம் குறைவே. ஓடி விளையாடியது அவர்களுக்கு ஆயுளைக் கொடுத்திருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது ‘சுகர்’ குளிசை போடும் கொழும்பில் இது சின்ன விஷயம் இல்லை.

இவர்கள் எல்லாம் தொழில்முறை வீரர்கள், நம் பிள்ளைகள் வாரத்தில் மூன்று நாள் ஆடுபவர்கள்தானே என்று ஒரு பெற்றோர் சொல்லக்கூடும். நியாயமான கேள்வி. 2016இல் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் 19 ஆட்டக்காரரை வைத்து ஒரு சோதனை நடந்தது. கோர்ணர் உதையின் வேகத்தில் பந்தை வீசும் ஒரு பொறி, ஒவ்வொருவருக்கும் இருபது முட்டுகள். பயிற்சியில் வழக்கமாக நடப்பதைவிட இது அதிகம் இல்லை. முடிந்த உடனே வைத்த நினைவுச் சோதனையில் அவர்களின் திறன் 41 முதல் 67 சதவீதம் வரை குறைந்திருந்தது. ஒரு நாளில் பழைய நிலைக்குத் திரும்பியது. மாலை நான்கு மணிக்கு முட்டிப் பழகிவிட்டு ஆறு மணிக்கு வெள்ளவத்தை ரியூஷன் வகுப்பில் போய் உட்காரும் உயர்தர மாணவனின் தாய்தகப்பன் இந்தச் செய்தியை இரண்டு முறை வாசிக்க வேண்டும்.

நியூயோர்க்கில் மைக்கல் லிப்டன் என்ற மருத்துவர் 2013இல் 37 பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களின் மூளையை எம்.ஆர்.ஐ.யில் ஆராய்ந்தார். ஆண்டுக்கு ஏறத்தாழ 885 முதல் 1,550 முட்டுகளைத் தாண்டியவர்களின் வெண்பொருளில், அதாவது அந்த இணைப்பு நரம்பிழைகளில், மாற்றங்கள் தெரிந்தன. ஆண்டுக்கு ஆயிரமா என்று திகைக்கத் தேவையில்லை. ஒரு பயிற்சியில் பதினைந்து, வாரத்தில் மூன்று பயிற்சி, ஆண்டில் முப்பது வாரம் என்று வைத்துக்கொண்டாலே 1,350 வந்துவிடும். லிப்டன் குழு 2018இல் ஆண் பெண் இருபாலாரையும் சம அளவில் ஒப்பிட்டபோது, அதே அளவு முட்டிய பெண்களிடம் பாதிக்கப்பட்ட மூளைப் பகுதியின் பரப்பு ஐந்து மடங்கு பெரிதாக இருந்தது. பெண்கள் அணிகள் இப்போதுதான் கால் ஊன்றும் நம் பாடசாலைகள் இதை முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

அவர்கள் வளர்ந்தவர்கள். பதின்வயதினரின் உடலோ வேறு கதை. முன்மூளையின் நரம்பிழைகள் கொழுப்புறை போர்த்தி முதிர்வது இருபதுகளின் நடுப்பகுதி வரை நீள்கிறது. தலை ஏறக்குறைய முழு அளவுக்கு வந்துவிடும், அதைத் தாங்கிப் பிடிக்கும் கழுத்துத் தசை பல ஆண்டு பின்தங்கி வளரும். ஒல்லியான கழுத்தில் ஒரு பெரிய தலை. பந்து பட்டதும் அதிகமாக ஆடுவது இயல்பு. இந்த இடைவெளியைக் குறைக்கக் கழுத்துத் தசைப் பயிற்சிகள் உதவுகின்றன என்று பதின்வயது ஆட்டக்காரரிடம் நடந்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஒரு மூளை அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால் இளம் மூளை ஆபத்தான முறையில் வீங்கக்கூடும், அரிதாக உயிரும் போகும். ‘ஒண்டும் இல்ல, எழும்பி விளையாடு’ என்ற குரல் எவ்வளவு பாரமானது என்பது அப்போதுதான் புரியும்.

இனி அந்தப் பாணந்துறைக் கேள்விக்குத் திரும்பலாம். பதினைந்து வயதுப் பையனிடம் இவ்வளவையும் சொல்லி, ‘முட்டுகிறாயா’ என்று கேட்டால் என்ன சொல்வான்? ஆம் என்பான். அவனுக்கு அடுத்த சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது. அறுபது வயது என்பது அவனுக்கு வேறு யாரோ ஒருவரின் வயது.

மிலிந்தனின் கேள்விகள் என்ற பாளி நூலில் கிரேக்க அரசன் மிலிந்தன், நாகசேன தேரரிடம் ஏறத்தாழ இதைத்தான் கேட்கிறான். தேரர் பதிலுக்கு அரசனையே சோதிக்கிறார். மல்லாந்து கிடந்த குழந்தையும் இன்று வளர்ந்து நிற்கும் நீயும் ஒருவரா? இல்லை, வேறு என்கிறான் அரசன். அப்படியானால் உனக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, ஆசானும் இல்லை. குற்றம் செய்தவன் ஒருவன், கை வெட்டப்படுபவன் வேறொருவன் என்றாகிவிடும் என்று மடக்குகிறார் தேரர். முற்றிலும் ஒருவர் என்றும் அவர் ஒப்பவில்லை, முற்றிலும் வேறு என்றும் ஒப்பவில்லை. இருவரையும் கோத்து நிற்பது ஒரு தொடர்ச்சி. இரவு முழுதும் எரியும் விளக்கின் சுடர் முதல் சாமத்திலும் கடைச் சாமத்திலும் ஒன்றா வேறா என்று அவர் கேட்கும் இடமும் அங்கேதான் வருகிறது.

இருபதாம் நூற்றாண்டின் பிரித்தானியத் தத்துவ அறிஞர் டெரெக் பார்ஃபிட் வேறு வழியால் அதே இடத்துக்கு வந்தார். 1984இல் வெளிவந்த தன் நூலில், ஐம்பது ஆண்டுகள் கழித்து வரக்கூடிய வேதனையைத் தெரிந்திருந்தும் பொருட்படுத்தாமல் புகைக்கத் தொடங்கும் ஒரு பையனை அவர் எடுத்துக் காட்டுகிறார். அந்தப் பையன் தன் பிற்கால மனிதரோடு தன்னை இனங்காண்பதில்லை. அப்படியானால் அந்த முதியவருக்கு அவன் செய்வது, இன்னொரு மனிதருக்குச் செய்யும் தீங்கைப் போன்றதே என்கிறார் பார்ஃபிட். தன் கருத்து புத்தருடையதோடு ஒத்துப்போவதை உணர்ந்து, நூலின் பின்னிணைப்பு ஒன்றைப் பௌத்த மேற்கோள்களுக்கே ஒதுக்கினார்.

இங்கிருந்து வரும் முடிவு எளிமையானது, பாரமானதும்கூட. பதினைந்து வயதுப் பையனும் அறுபது வயது மனிதரும் ஒருவரே என்றால், அவன் தனக்கே தெரியாமல் தன்னை அழிக்கிறான். தெரிந்தவர்கள் தடுக்க வேண்டும். இருவரும் வேறு வேறு என்றால், அவன் கேட்காமலே இன்னொருவரின் மூளையைப் பணயம் வைக்கிறான். அப்போதும் தடுக்க வேண்டும். டி சில்வா பாதிரியார் வென்றாலும் குணானந்த தேரர் வென்றாலும் பையனின் ‘ஆம்’ போதாது. அந்த முதியவரிடம் சம்மதம் வாங்க வழியே இல்லை. அவர் இன்னும் வரவில்லை. வரும்போது சொல்லத் தெரிந்த நிலையில் இருப்பாரோ தெரியாது. அதுவரை அவர் சார்பில் பேச யாராவது இருக்க வேண்டும். அந்த யாரோ, இன்று மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பெரியவர்கள்.

சைவம் இதற்கு என்ன சொல்லும்? கொட்டாஞ்சேனையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலில் சித்தாந்தம் அறிந்தவர்களிடம் கேட்டால், ஆன்மாவுக்கு அழிவில்லை என்றுதான் தொடங்குவார்கள். மூளை சிதைந்தாலும் உயிர் சிதையாது. இதை ஆறுதலாகக் கேட்டுவிட்டு எழுந்துபோகிறவர் சித்தாந்தத்தின் பாதியை மட்டும் கேட்டவர். தனு (உடல்), கரணம் (கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்வு) என்ற நான்கையும் இறைவன் உயிருக்குக் கருணையால் கொடுத்தான் என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. ஆணவ இருளில் கிடக்கும் உயிர் தானாக எதையும் அறியாது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற உட்கருவிகள் கூடும்போதுதான் அதற்கு அறிவு விளங்கும். சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தில் மெய்கண்டார் உயிர் அந்தக் கருவிகளில் ஒன்று அன்று என்று நிறுவுகிறார். அதே மூச்சில், அமைச்சரோடு கூடி ஆளும் அரசனை உயிருக்கு உவமை சொல்கிறார். அமைச்சர் ஒவ்வொருவராக விலகினால் அரசன் இறப்பதில்லை, ஆளமுடியாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பான். மறதிநோய் வந்த ஒருவரை வீட்டில் பார்த்துக்கொண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆக, கருவி கெட்டால் உயிருக்கு என்ன என்று கேட்க சைவத்தில் இடமில்லை. கருவி, வீடுபேறு நோக்கிய பயணத்துக்குக் கொடுக்கப்பட்டது. உடலை இழிவென்று எண்ணியிருந்து, பின் அதனுள்ளே இறைவன் இருப்பதைக் கண்டு பேணத் தொடங்கிய திருமூலரின் மாற்றமும் இதே திசையில்தான்.

கத்தோலிக்கருக்கு உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம், புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியது. அதே பவுல்தான் அந்த மடலிலேயே ஓட்டப் பந்தய வீரனின் கட்டுப்பாட்டைக் கிறிஸ்தவ வாழ்வுக்கு முன்மாதிரியாகக் காட்டினார். இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு கீறுவது என்பதை வத்திக்கான் 2018 ஜூனில் விளையாட்டைப் பற்றி வெளியிட்ட ஆவணம் நேராகவே பேசுகிறது. மனித உடலுக்குத் தவிர்க்கமுடியாத கடும் கேடு செய்யும் விளையாட்டை அறவழியில் நியாயப்படுத்த முடியாது என்றும், மூளைப் பாதிப்பு உட்பட ஒரு விளையாட்டின் கேடு தெளிவாகத் தெரியவரும்போது, ஆட்டத்தைவிட மனிதரின் நலனை முன்னே வைத்துச் சமூகத்தின் எல்லாத் தரப்பும் முடிவெடுக்க வேண்டும் என்றும் அது கேட்கிறது. புனித லூசியா பேராலயத்தின் நிழலில் உள்ள பாடசாலைகளுக்கு இதைவிட நேரான வழிகாட்டல் தேவையில்லை. போலந்தின் வாடோவிச்சேயில் பையனாக உதைபந்து ஆடிய திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் நின்றது கோல் காப்பாளர் இடத்தில் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

இஸ்லாத்தில் உடல் அமானிதம். கொடுத்தவன் ஒருநாள் கணக்குக் கேட்பான். தொழுகையிலும் நோன்பிலும் அளவு மீறிய தோழர் ஒருவரிடம், உடலுக்கும் உன்மேல் உரிமை இருக்கிறது என்ற பொருளில் நபிகள் நாயகம் கண்டித்ததாக ஹதீஸ் கூறுகிறது. வணக்கத்துக்கே அளவு உண்டென்றால் பந்துக்கு இல்லாமல் போகுமா?

உடலை வருத்துவதும் சமயத்தில் உண்டே, ஆடிவேல் காலத்தில் அலகு குத்திக் காவடி எடுப்பவர்கள் இல்லையா என்ற கேள்வி வரும். செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு வேல் இரதம் வரும் நாளில் அதைக் கண்டு வளர்ந்தவர்கள் வெள்ளவத்தைக்காரர். ஆனால் நேர்த்திக்கடனின் உள்ளொழுங்கைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். காவடி எடுப்பவர் பெரும்பாலும் வளர்ந்தவர், விரதம் இருந்து, என்ன செய்கிறோம் என்று அறிந்து தன் உடலைக் கொடுக்கிறார். பிள்ளைக்காகத் தாய்தகப்பன் நேரும்போது நேர்வது பெரும்பாலும் மொட்டை. தலைமயிர் ஆறு மாதத்தில் வளர்ந்துவிடும். பிள்ளையின் பேரில் கொடுக்கும்போது திரும்ப வளர்வதையே கொடுக்க வேண்டும் என்ற ஒரு நிதானம், யாரும் எழுதிவைக்காமலே நம் வழக்கத்தில் இருந்திருக்கிறது. மூளையின் நரம்பிழை மயிரல்ல.

சுவாமி விவேகானந்தரைக் கேட்காமல் இந்த விசாரணையை முடிக்க முடியாது. மேல்நாட்டுப் பயணம் முடிந்து 1897 ஜனவரி 15இல் அவர் கால்வைத்த முதல் ஊர் கொழும்பு. வெள்ளவத்தையின் இராமகிருஷ்ண மிஷன், கொட்டாஞ்சேனையின் விவேகானந்தா மேடு, அங்கே 1902இல் தோன்றிய விவேகானந்த சபை எல்லாம் அவர் வழியில் வந்தவை. கொழும்பிலிருந்து போய்ச் சில வாரங்களில் சென்னையில் அவர் பேசிய பேச்சில்தான், கீதையைப் படிப்பதைவிட உதைபந்தாட்டத்தால் சொர்க்கத்துக்கு நெருங்கலாம் என்ற கருத்தை இளைஞர்கள் முன் வைத்தார். நம் பாடசாலை விளையாட்டு விழாக்களில் அதிகம் எடுத்தாளப்படும் கருத்து அது. பேச்சின் நோக்கத்தையும் சேர்த்தே எடுத்தாள வேண்டும். மெலிந்த உடலால் கீதையை விளங்கிக்கொள்ள முடியாது, தசை வலுவானால் விளங்கும் என்பதே அவர் சொன்ன காரணம். விளங்கிக்கொள்ளும் உறுப்பையே பலி கொடுக்கும் ஒரு பழக்கத்துக்கு அந்தக் காரணத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. ஓடு, உதை, வேர்வை சிந்து, வலுப்பெறு என்று அவர் சொன்ன எதுவும் பந்தைத் தலையால் முட்டாமலே நடக்கும்.

நடக்கவும் செய்கிறது. அமெரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனம், பெற்றோர் தொடுத்த வழக்கு ஒன்றை அடுத்து, 2015 நவம்பரில் பத்து வயதுக்கும் அதற்குக் கீழும் தலையால் முட்டுவதைத் தடைசெய்தது. 11 முதல் 13 வரை பயிற்சியில் கட்டுப்பாடு வைத்தது. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து சங்கங்கள் 2020 பெப்ரவரியில் ஆரம்பப் பாடசாலை வயதில் முட்டுப் பயிற்சியே கூடாது என்றன. 14 முதல் 16 வயது வரை வாரத்தில் ஒரு பயிற்சியில் மட்டும், அதிலும் பத்து முட்டுக்கு மேல் இல்லை என்பது அவர்களின் வழிகாட்டல். 2021இலிருந்து இங்கிலாந்தின் தொழில்முறை வீரர்களுக்கே வேகமான முட்டுகள் பயிற்சியில் வாரத்துக்குப் பத்து. சம்பளம் வாங்கும் இருபத்தைந்து வயது மனிதருக்குப் பத்து என்று வரையறுத்திருக்கும்போது, ஒரு கிண்ணத்துக்காக ஆடும் பதினாலு வயதுப் பெடியனுக்கு முப்பது என்று விட்டுவைக்க எந்தக் காரணமும் இல்லை.

சிறு வயதில் முறையாகப் பழகாவிட்டால் பெரியவனானதும் தவறாக முட்டிக் காயப்படுவான் என்று பயிற்றுவிப்பாளர்கள் சொல்வதுண்டு. அந்தக் கவலையில் உண்மை இருக்கிறது. அதற்கு விடை, பழக்கும் வழியை மாற்றுவது. எம்பும் நேரத்தையும் கண்ணைத் திறந்து வைத்திருக்கும் துணிவையும் பலூனாலும் இலேசான பஞ்சுப் பந்தாலும் பழக்கலாம். வயதுக்கேற்ற சிறிய பந்தைப் பாவிக்கலாம், காற்றைக் கல்லாக இறுக்கி அடிக்காமல் விடலாம். கழுத்துக்கு ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம் பயிற்சி கொடுக்கலாம். இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை, கொழும்பில் எந்தப் பாடசாலையும் நாளைக்கே தொடங்கலாம்.

ஆட்டத்தின் அழகு குறையுமே என்ற கவலையும் உண்மையானது. எம்பி நிற்கும் ஒரு உடல், திரும்பும் ஒரு கழுத்து, வலையில் விழும் பந்து. அதைப் பார்த்துக் கத்தாதவர் உதைபந்து பார்த்தவரில்லை. பதினெட்டு தாண்டியவர் தெரிந்தே அதைத் தேர்ந்தெடுக்கட்டும். அவருக்கும் அறுபது வயது மனிதரோடு கணக்கு இருக்கிறது, ஆனால் அந்தக் கணக்கை எழுதும் கை அவருடையது. பதினாலு வயதில் எழுதும் கை பெரியவர்களுடையது.

அதனால் இந்த வேண்டுகோள் பெரியவர்களுக்கே. பாடசாலை அதிபர்களே, விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களே, கழகப் பயிற்றுவிப்பாளர்களே: பன்னிரண்டு வயதுக்குக் கீழ் முட்டுப் பயிற்சியை இந்தப் பருவத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஓர் எண்ணை வரையறுத்து, அன்றன்று எத்தனை என்று பயிற்சிக் கொப்பியில் பையன் பெயருக்கு நேரே எழுதுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளை அன்று திரும்ப இறங்கக் கூடாது, எந்த இறுதியாட்டமாக இருந்தாலும். விகாரையிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் பிள்ளைகளுக்கு உடலைப் பற்றிப் போதிக்கும் பெரியவர்கள் இதையும் ஒருமுறை பேசுங்கள். பெற்றோர் அடுத்த கூட்டத்தில் பயிற்றுவிப்பாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: என் பிள்ளை இந்த வாரம் பந்தை எத்தனை முறை தலையால் அடித்தான்? பதில் தெரியாதென்றால், அடுத்த வாரம் எண்ணிச் சொல்லுங்கள் என்று கேளுங்கள்.